40 வயதைத் தாண்டியவர் பல்லுக்குக் கிளிப் போட்டால் பல் நகருமா? வயதாகிவிட்டால் பல்லைப் பிடித்திருக்கும் திசுக்கள் அழுத்தத்துக்கு அசையாது என்கிறார்களே?

நகரும். என் வாயில் நகர்ந்தது. கிளிப் போட்டுக்கொண்டபோது எனக்கு வயது 43. அதே மாதம் என் மகளும் போட்டுக்கொண்டாள்; அவளுக்கு 12. ஒரே மருத்துவர், ஒரே நாற்காலி. மாதம் ஒரு சனிக்கிழமை அடுத்தடுத்து வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்போம். நான் பல் மருத்துவர் அல்ல, கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். ஆனால் ஒரே வீட்டில், இரண்டு வயதுகளில், ஒரே சோதனை நடக்கும்போது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்ல, பல் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் அடித்த ஆணி போலப் பல் எலும்பில் இறங்கியிருக்கவில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி ஒன்று உண்டு. அதில் கொலாஜன் என்ற புரதத்தாலான நார்கள், ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து, கயிற்றுக் கட்டிலின் கயிறுகளைப் போலப் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. இந்த நார்களை நெய்கிற இணைப்புத் திசு செல்லுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். நெய்வது மட்டுமல்ல, பழையதாகிப்போன நாரை விழுங்கிச் செரிப்பதும் அதே செல்தான். தோலில் உள்ள கொலாஜனைவிட இங்குள்ளது மிக வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது.

கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார்கள் நசுங்குகின்றன, எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபடுகின்றன. செல்கள் நாரைப் பற்றிக்கொண்டே வாழ்பவை. நார் கோணினால் செல்லும் கோணும். அந்தக் கோணல்தான் அதற்குத் தகவல். நசுங்கிய பக்கத்துச் செல்கள் ப்ரோஸ்டாகிளாண்டின், இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து, எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு படிகிறது. முன்னால் கரைந்து பின்னால் நிரம்பி, பல் இருக்கும் குழியே மெல்ல இடம் மாறுகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

கம்பியை மாற்றிய அன்று மாலை வலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அந்த வலிக்கும் மேலே சொன்ன அதே பொருள்கள்தான் காரணம். முதல் முறை நான் வீட்டில் இருந்த இபுப்ரோஃபென் மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டேன். மருத்துவர் கேட்டுவிட்டு, அடுத்த முறை பாராசிட்டமால் போதும் என்றார். இபுப்ரோஃபென் ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பது. தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதையும் மந்தமாக்கக்கூடும். இதையே வகுப்பில் பல முறை பாடமாக நடத்தியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

இனி வயது. முதல் மாத முடிவில் மகளின் கோரைப்பல் நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. என் தெத்துப்பல் இருந்த இடத்திலேயே நின்றது. இரண்டாம் மாதமும் சொல்லும்படி ஒன்றுமில்லை. பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோமோ என்று தோன்றிய நாள்கள் அவை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு என் பல்லும் நகர ஆரம்பித்தது. ஆரம்பித்த பிறகு மகளுக்கு ஈடுகொடுத்தது.

இரண்டு பேரை வைத்து அறிவியல் பேச முடியாது என்பது தெரியும். ஆனால் நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆறு வார வயதுக் குட்டி எலிகளில் பல் உடனே நகரத் தொடங்கியது. 9 முதல் 12 மாத வயதுடைய வளர்ந்த எலிகளில் முதலில் நீண்ட தயக்கம். தயக்கம் தீர்ந்து நகரத் தொடங்கிய பின் இரண்டின் வேகத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அதே குழு அதற்கு முந்தைய ஆண்டில் மனிதர்களின் ஈறோரத்தில் ஊறும் திரவத்தைச் சேகரித்துப் பார்த்திருந்தது. ஒரு குழுவின் சராசரி வயது 11, மற்றொன்றின் சராசரி 24. அழுத்தம் கொடுத்த 24 மணி நேரத்தில் ப்ரோஸ்டாகிளாண்டின் இரு குழுவிலும் உயர்ந்தது. இன்டர்லூக்கின்-6 சிறுவர்களிடம்தான் உயர்ந்தது. 24 வயதே இங்கே மூத்த வயது என்பதைக் கவனியுங்கள். 43 வயதுக்காரி என்ன நினைத்துக்கொள்வது!

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் முடிவும் உண்டு. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல்லைத் தாங்கும் நார்களை நெய்கிற அந்தச் செல்களை ஆய்வகக் கிண்ணத்தில் பல தலைமுறை பெருகவிட்டு முதுமையாக்கி, பிறகு இழுத்துப் பார்த்தார்கள். முதிய செல்கள் இளம் செல்களைவிட அதிகமாகவே அழற்சிப் பொருள்களைச் சுரந்தன. அப்படியானால் முதிய செல் மந்தமா, படபடப்பானதா? என் கருத்து இது: கிண்ணத்தில் பிரிந்து பிரிந்து ஓய்ந்த செல்லும், வாய்க்குள் நாற்பது வருடம் மென்று வாழ்ந்த செல்லும் ஒன்றல்ல. கிண்ணத்தில் ஒவ்வொரு செல்லும் தனியாகக் கணக்கிடப்படுகிறது. வாயில் வயது ஏற ஏற அந்த இடைவெளியில் செல்களின் எண்ணிக்கையே குறைகிறது, சுற்றியுள்ள எலும்பும் இறுகிவிடுகிறது. குறைந்த ஆள்களோடு இறுகிய மண்ணைத் தோண்டத் தொடங்குவது தாமதமாகத்தான் செய்யும். ஒவ்வோர் ஆளும் சோம்பேறி என்று அதற்குப் பொருளில்லை.

அசையவில்லையே என்று அழுத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், மருத்துவர் மறுத்துவிட்டார். ஏன் என்பது நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904 வாக்கில் நாய்களின் பல்லை நகர்த்தி, திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். அழுத்தம் மிஞ்சிய இடத்தில் ரத்தம் நின்று, செல்கள் மடிந்து, திசு கண்ணாடி போல வெளிறிக் கிடந்தது. செல் இல்லாத இடத்திலிருந்து தகவல் போகாது. பக்கத்தில் உயிரோடு உள்ள செல்கள் சுற்றிவந்து, எலும்பைப் பின்புறத்திலிருந்து குடைந்து எடுக்கும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். 1932இல் ஷ்வார்ஸ் என்ற பல் சீரமைப்பு ஆய்வாளர் ஓர் எல்லையும் சொன்னார்: நுண் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். வேர் முழுவதற்கும் ஒரே எண் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும், மென்மையாகத் தள்ளு என்பது நிலைத்துவிட்டது. நடுவயதில் இது இன்னும் முக்கியம். ஈறு நோயால் எலும்பு சற்று இறங்கியிருந்தால் பல்லைப் பிடித்திருக்கும் பரப்பு குறைந்திருக்கும்; அதே கம்பி கொடுக்கும் அதே விசை அந்தச் சிறிய பரப்பில் கூடுதல் அழுத்தமாக விழும். ஆகவே கிளிப்புக்கு முன் ஈறைச் சரிசெய்துகொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவற்றில் சில, எலும்பைக் கரைக்கும் செல்களையே முடக்குபவை.

வயது உண்மையிலேயே கதவைச் சாத்துவது வேறோர் இடத்தில். என் மகளுக்கு மேல்தாடை குறுகல். அண்ணத்தில் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். தினமும் ஒரு திருப்பு, திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். இரண்டு வாரத்துக்குள் மேல் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து விழுந்தது; அவள் அழுதே விட்டாள். அண்ணத்தின் நடுக்கோட்டில் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் இருப்பதும் இணைப்புத் திசுதான். 12 வயதில் அது விலகிக் கொடுக்கும், விலகிய இடத்தில் எலும்பு வளரும். பருவம் முற்றியபின் அந்த எலும்புகள் பல்சக்கரம் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. எனக்கும் அதே குறுகல் உண்டு. ஆனால் எனக்கு அறுவை சிகிச்சையோ, எலும்பில் பதிக்கும் திருகாணியோ வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மகளின் சந்து, ஈறு நார்கள் இழுத்து, சில மாதங்களில் தானாகவே மூடிக்கொண்டது.

அந்த ஈறு நார்கள்தான் பின்னால் தொல்லையும் தருகின்றன. வேரைச் சுற்றியுள்ள நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புதிய இடத்துக்கு ஏற்பத் திரும்ப நெய்யப்பட்டுவிடும். ஈறில் உள்ள, ரப்பர் போல இழுபட்டு மீளும் நார்கள் ஒரு வருடம்வரை பழைய இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிளிப்பைக் கழற்றிய பிறகு, பல்லைப் புது இடத்திலேயே பிடித்துவைக்க ரிடெய்னர் என்ற கருவி. மகளுக்கு 20 மாதத்தில் கழற்றினார்கள், எனக்கு 27 மாதம் ஆனது. போன மாதம் ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போனபோது ரிடெய்னரை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்து மாட்டினால் உள்ளே போகவே மறுத்தது. பின்னோக்கிப் போவதற்கு மட்டும் என் திசுக்கள் ஒரு நாள்கூடத் தயங்கவில்லை.