மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவர் கையில் இருக்கட்டும்

கேள்வி: உசிலம்பட்டி அருகே அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் கெட்டிக்காரர்கள். ஆனால் கல்லூரிக்குப் போனதும் கணினி முன் திணறுகிறார்கள். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க முடியும். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: எந்த மென்பொருளைக் கற்பிப்பது என்று தொடங்காதீர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஜூன் மாதத்தில் யாருடைய துணையும் இல்லாமல் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில்தான் நடக்கிறது. தரவரிசையோடு, விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரி முதலில் வருகிறது என்பதையும் பொறுத்தே இடம் கிடைக்கும். அந்தப் பட்டியலின் வரிசையை நெட் சென்டரில் இருப்பவர் முடிவு செய்கிறார் என்றால், பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் பலனை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள். மின்னஞ்சலைத் தொடங்கித் தருபவரும் அவரே, கடவுச்சொல்லும் அவரிடமே. பிறகு ஓடிபி வேறு எண்ணுக்குப் போகும்.

ஆகவே முதல் மாதம் முழுவதும் இதற்கே: சொந்த மின்னஞ்சல், வலுவான கடவுச்சொல், அதை மீட்கும் வழி. அடுத்து, சான்றிதழை ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, தன் பெயரிட்டுச் சேமித்து அனுப்புவது. கூகுள் படிவத்தில் நீங்களே ஒரு மாதிரி விண்ணப்பம் தயாரியுங்கள். பயிற்சியில் யாருடைய உண்மையான ஆதார் எண்ணும் வேண்டாம். கற்பனை விவரங்கள் போதும்.

தமிழ்த் தட்டச்சை விட்டுவிடாதீர்கள். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். தினமும் பத்து நிமிடம் பழகினாலே கை பிடிபடும். தமிழில் கோர்வையாக ஒரு பக்கம் தட்டச்சு செய்யத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லூரி ஒப்படைவு பாரமாகாது.

போலி உதவித்தொகைக் குறுஞ்செய்திகளைத் திரையில் காட்டி, எது பொய், ஏன் பொய் என்று அவர்களையே பேச விடுங்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கும் போய்ச் சேரட்டும்.

இருவருக்கு ஒரு கணினி என்றால், வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளையிடம் மவுஸைக் கொடுங்கள். தெரிந்தவர் வாயால் மட்டும் வழிகாட்டட்டும். இல்லாவிட்டால் தெரிந்தவரே மேலும் தேறுவார். பெரும்பாலும் பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பிளஸ் ஒன் ஜூனிலேயே தொடங்குங்கள். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இந்தப் பாடவேளை உங்களுக்குக் கிடைக்காது. அதற்கு முன், ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, மாதிரி விண்ணப்பத்தை உதவியின்றி நிரப்பச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ, மீதி வாரங்கள் அதற்கு.