திமிங்கில வாலைப் படம் பிடிப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் திமிங்கிலங்களைக் காண்கிறோம். பயணிகள் எடுக்கும் படங்களை வட்ஸ்அப்பில் வாங்கி ஆய்வாளர்களுக்கு அனுப்பினால் பயன்படுமா?

பதில்: படங்கள் கட்டாயம் பயன்படும், வட்ஸ்அப்தான் கெடுக்கும். சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவையும் அழித்துவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலக்கோப்பு அப்படியே வரும். வெட்டவோ திருத்தவோ வேண்டாம்.

ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் கைரேகை அதன் வாலின் பின்விளிம்பு. அங்குள்ள வெட்டும் கிழிசலும் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதால், பழைய படத்தோடு ஒப்பிட்டு அதே விலங்குதானா என்று சொல்லிவிடலாம். நீர்மட்டத்தில் பத்து நிமிடமளவில் மூச்செடுத்தபின் முதுகை வளைத்து வாலைத் தூக்கும். சில நொடிகள்தான் கிடைக்கும். எனவே முன்கூட்டியே நேர் பின்புறமாக, 100 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்றால் வாலின் ஒரு மடல் மற்றதை மறைத்துவிடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி. வால் எழத் தொடங்கியதிலிருந்து மூழ்கும்வரை தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். "நல்லது ஒன்றை மட்டும் அனுப்புவோம்" என்று பொறுக்காதீர்கள். அழகில்லாத படத்தில்தான் விளிம்பு முழுதாகத் தெரியும்.

நீலத் திமிங்கிலத்துக்கு முதுகுத் துடுப்பை ஒட்டிய விலாவின் திட்டுகளே அடையாளம். இடமும் வலமும் ஒன்றுபோல இராது, இரண்டையும் எடுங்கள்.

ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகும்போது வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். கரைக்கு வந்தபின் எது எந்தத் திமிங்கிலம் என்று குழம்பாது. வெளிநாட்டுப் பயணியின் கமராவில் அவர் நாட்டு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். புறப்படுமுன் உங்கள் போனின் கடிகாரத்தை அதில் ஒரு படம் எடுக்கச் சொன்னால் பிறகு கழித்துச் சரிசெய்யலாம்.

அதிகம் தவறாக எழுதப்படுவது இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்தான். 8 பாகை (டிகிரி) 35 கலை (மினிட்) என்பதை 8.35 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. எனவே தசமத்தில் அது 8.583. இந்தச் சின்னத் தவறால் திமிங்கிலம் 14 கடல் மைல் தெற்கே போய்விடும். கருவியின் திரையையே படம் எடுத்துச் சேர்த்தனுப்புங்கள்.