டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: டிகிரியை முடிக்காமல், தொழில்முறை லீகான என்பிஏவுக்குக் கிளம்பலாமா, கூடாதா? போகும் வழி டிராஃப்ட்: ஆண்டுதோறும் என்பிஏ அணிகள் முறைவைத்து, இரண்டு சுற்றில், புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். தொகைகள் எல்லாம் டாலரில். ஆண்டு சொல்லாத இடங்களில் 2024-25 சீசன் கணக்கு.

கேள்வி: என் அக்கா மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆட்டத்துக்குச் சராசரி 16 புள்ளி. முதல் சுற்றில் போய்விடுவான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிளம்பச் சொல்லலாமா? – ஒரு தாய்மாமன்

பதில்: அந்த ‘எல்லோரும்’ யார் யார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கோச்சுக்கு அவன் இருந்தால் லாபம். ஏஜென்டுக்கு அவன் கிளம்பினால் லாபம். இணையத்தில் உத்தேசப் பட்டியல் போடுபவருக்கு எப்படிப் போனாலும் நட்டமில்லை. இந்த மூவரையும் தாண்டி ஓர் இடம் இருக்கிறது. என்பிஏவே நடத்தும் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழு, அணி நிர்வாகிகளின் கருத்தைத் திரட்டிப் பதில் அனுப்பும். முதல் 14 இடத்துக்குள்ளா, முதல் சுற்றின் மீதியிலா, இரண்டாம் சுற்றா, எதிலுமே இல்லையா என்று அதில் இருக்கும். வாக்குறுதி அல்ல, மதிப்பீடுதான். அது ‘முதல் சுற்று’ என்றால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ‘இரண்டாம் சுற்று’ என்றால் அப்படியே நம்புங்கள்.

16 புள்ளி என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. அணிகளுக்காகத் திறமை தேடும் ஸ்கவுட் முதலில் பார்ப்பது பிறந்த தேதி. 19 வயதில் 12 புள்ளி எடுப்பவனுக்கு இருக்கும் கிராக்கி 22 வயதில் 20 புள்ளி எடுப்பவனுக்கு இருக்காது. அடுத்து, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பார்கள். கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலம். என்பிஏவில் நேர் எதிரே 23 அடி 9 அங்குலம். அந்த ஒன்றரை அடிச் சொச்சத்தில் பல பேருடைய ஷாட் உடைந்துபோகிறது. உங்கள் மருமகனின் ஃப்ரீ த்ரோ (தடுப்பாரில்லாமல் கோட்டில் நின்று எறிவது) சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது 60-ஐ ஒட்டி நின்றால், மூன்று புள்ளிக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். நூறு, நூற்றைம்பது முயற்சியில் அதிர்ஷ்டம் கூட வரும். ஃப்ரீ த்ரோவில் கை எப்படியென்று தெரிந்துவிடும். கூடைக்கு அடியில் முதுகு காட்டி நின்று எடுத்த புள்ளிகள் என்றால் இன்னும் தள்ளுபடி. என்பிஏவில் அதே உயரத்தில், பந்தைத் தட்டிக் கொண்டுவரும் கார்டு நிலை ஆட்டக்காரர்களே இருக்கிறார்கள்.

எங்கள் கணக்கு இது: முதல் 20 இடத்துக்குள் என்று இரண்டு மூன்று திசைகளிலிருந்து ஒரே சேதி வந்தால் கிளம்பலாம். 25-க்கு மேல் 40-க்குள் என்றால் பெயரைக் கொடுத்துப் பார்க்கட்டும், ஆனால் திரும்பும் வழியை அடைக்காமல்.

கேள்வி: முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று ஏன் இவ்வளவு கறார்? 30-வது ஆளுக்கும் 31-வது ஆளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: ஆட்டத்தில் ஒன்றும் இல்லை. காகிதத்தில் மலைக்கும் மடுவுக்கும்.

முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதிய அட்டவணை உண்டு. கான்ட்ராக்ட் 4 ஆண்டு. முதல் 2 ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம் என்பது விதி, ஏறக்குறைய எல்லோரும் 120-தான் வாங்குகிறார்கள். 2024-ல் முதல் இடத்தில் போனவருக்கு முதலாண்டில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம். 30-வது இடத்துக்குச் சுமார் 25 லட்சம்.

இரண்டாம் சுற்றுக்கு அட்டவணையே கிடையாது. அணியோடு பேரம் பேசி வாங்குவதுதான். 31, 32-ல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல கான்ட்ராக்ட் கிடைத்துவிடும். 45-ஐத் தாண்டினால் பெரும்பாலும் டூ-வே: என்பிஏ அணிக்கும், அடுத்த தட்டு லீகான ஜி லீக்கில் அதற்கு இருக்கும் அணிக்கும் நடுவே போய் வரும் வேலை. சம்பளம் 5,78,577, அதாவது புது ஆளுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. ஓர் அணிக்கு 3 டூ-வே இடங்கள்தான், ஒருவர் 50 ஆட்டத்துக்கு மேல் என்பிஏ அணியில் ஆட முடியாது. அதுவும் இல்லாமல் வெறும் ஜி லீக் கான்ட்ராக்ட் என்றால் சீசனுக்கு 43,000.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். 50-க்கு மேல் போகவிருக்கும் ஆட்டக்காரரின் ஏஜென்டே சில அணிகளைக் கூப்பிட்டு, “தயவுசெய்து இவரை எடுக்காதீர்கள்” என்பார். எடுத்துவிட்டால் அந்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். யாரும் எடுக்காவிட்டால், இடம் காலியாக இருக்கும் அணியைத் தேடி அன்றிரவே டூ-வே பேசி முடிக்கலாம்.

சொன்ன சம்பளம் அப்படியே கைக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லீகின் மொத்த வருவாய்க் கணக்கு முடியும் வரை 10 சதவீதம் வரை பிடித்து வைப்பார்கள். ஏஜென்டுக்கு அதிகபட்சம் 4 சதவீதம். மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். போகிற மாநிலங்களில் பல, அங்கே ஆடிய நாட்களுக்கு ஏற்பத் தனியாக வரி கேட்கும். பெரிய சம்பளத்தில் பாதி தேறினால் பெரிது.

கேள்வி: யோகிச் 41-வது, டிரேமண்ட் கிரீன் 35-வது, ஜேலன் பிரன்சன் 33-வது. இரண்டாம் சுற்றை இப்படிப் பயமுறுத்தலாமா?

பதில்: நல்ல பட்டியல். அதை நீங்களே இன்னொரு தடவை பாருங்கள். கிரீன் மிச்சிகன் ஸ்டேட்டில் 4 ஆண்டு முழுக்க ஆடியவர். பிரன்சன் வில்லனோவாவில் 3 ஆண்டில் டிகிரியையும் முடித்துவிட்டு வந்தவர். யோகிச் கல்லூரிப் பக்கமே போகவில்லை. செர்பியாவில் ஏற்கெனவே தொழில்முறையில் ஆடிக்கொண்டிருந்தார், 2014-ல் எடுக்கப்பட்ட பிறகும் ஓராண்டு அங்கேயே இருந்துவிட்டுத்தான் வந்தார். அவசரப்பட்டுக் கிளம்பியவர் மூவரில் ஒருவரும் இல்லை.

கேள்வி: பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்கிறீர்களே, அது எப்படி?

பதில்: இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விரிவாக. 2025-ன் தேதிகளை வைத்துச் சொல்கிறோம். ஆண்டுக்காண்டு சில நாள் நகரும், வரிசை மாறாது.

ஏப்ரல் 26: பெயர் கொடுக்கக் கடைசி நாள். மே நடுவில் சிகாகோவில் கம்பைன் என்ற சோதனை முகாம். செருப்பு இல்லாமல் உயரம், கை விரித்த அகலம், நின்று எட்டும் உயரம், குதிப்பு, ஓட்டம், மருத்துவச் சோதனை எல்லாம் அங்கேதான். அழைப்பு வந்தால் போயே ஆக வேண்டும் என்பது என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்திலிருந்து விதி. அழைப்பே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மே 28 இரவு 11:59: கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் கெடு. இதற்குள் பெயரை விலக்கினால் மறுபடி கல்லூரியில் ஆடலாம். என்பிஏவுக்கென்று தனியாக ஜூன் 15 என்று ஒரு கெடு உண்டு. குழப்பமே இங்கேதான். “ஜூன் 15 வரை நேரம் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், அது அமெரிக்கக் கல்லூரியில் ஆடாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் உதவும். கல்லூரிப் பையன் மே 29 அன்று விலகினால் டிராஃப்டிலும் இருக்க மாட்டான், கல்லூரி அணியிலும் இருக்க மாட்டான்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வது 2018 ஆகஸ்ட் முதல் அனுமதி. அவர் என்சிஏஏ சான்று பெற்றவராக இருக்க வேண்டும், ஆலோசனைக் குழுவின் மதிப்பீட்டைப் பையன் கேட்டிருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரிக்குத் திரும்பினால் அந்த ஒப்பந்தத்தை முறித்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு பள்ளங்கள். ஒன்று, வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் மனதில் ஓரமாக இருந்தாலும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் முன்பே பெயரைப் பதிந்துவிட வேண்டும். 2025-ல் அது மார்ச் 24-ல் திறந்து ஏப்ரல் 22-ல் மூடியது. டிராஃப்ட் முடிவு எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே. இரண்டு, ஏப்ரல், மே மாதங்கள் செமஸ்டர் தேர்வுக் காலம். அணி அணியாகப் பயிற்சி காட்டப் பறந்துகொண்டிருந்தவன் தேர்வை விட்டுவிட்டான் என்றால், மே 28-க்குள் ஒழுங்காக விலகியும் மதிப்பெண் காரணமாக அடுத்த சீசனில் உட்கார நேரிடும். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் டிகிரியில் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு முன் 60 சதவீதம் முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: தங்கிவிட்டுக் கால் ஒடிந்தால்? அந்த ஒரு வருடம் கோடிக்கணக்கில் நட்டமாகாதா?

பதில்: ஆகலாம். ஜாரெட் சலிங்கர் 2011-ல் கிளம்பியிருந்தால் முன்வரிசையில் போயிருப்பார் என்பதே அன்றைய பேச்சு. ஒஹாயோ ஸ்டேட்டில் இன்னோர் ஆண்டு தங்கினார். 2012 மருத்துவச் சோதனையில் முதுகுப் பிரச்சினை வெளிப்பட்டு 21-வது இடத்துக்குச் சரிந்தார். எதிர்ப்பக்கம் ஜாக் ஈடி. பர்டூ பல்கலைக்கழகத்தின் ஏழடி நாலங்குலக்காரர். 2023-ல் பெயர் கொடுத்து, கெடு நெருங்கியபோது விலகித் திரும்பினார். 2024-ல் என்பிஏ அணியான மெம்பிஸ் 9-வது இடத்தில் எடுத்தது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் இரண்டு வகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிரந்தர ஊனப் பாலிசி, இனி ஆடவே முடியாது என்ற நிலைக்குத்தான் பணம் தரும். முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டில் திரும்பிவிட்டால் ஒன்றும் வராது. மதிப்பிழப்புப் பாலிசி, குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே சரிந்தால் தரும். அந்தச் சரிவுக்குக் காயம்தான் காரணம் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முன்பே இருந்த காயத்தைப் பாலிசியில் விலக்கி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பத்தியைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

‘ஒரு வருட நட்டம்’ என்பதை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதும் முக்கியம். முதல் கான்ட்ராக்ட் அல்ல, இரண்டாவதுதான் பெரிய பணம். முதல் சுற்றுக்காரருக்கு 4 ஆண்டு முடிந்ததும், உச்ச தரமென்றால், அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதம் வரை கேட்கலாம். 2024-25-ல் அந்த வரம்பு 14 கோடியே 5 லட்சம் டாலர் சொச்சம். 19-ல் கிளம்பியவர் 23-ல் அங்கே நிற்பார், 22-ல் கிளம்பியவர் 26-ல். மேல்தட்டு ஆட்டக்காரர் காத்திருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஆனால் பெஞ்சில் மூன்று ஆண்டு உட்கார்ந்துவிட்டு அணி கைகழுவிய பையனுக்கு இரண்டாவது கான்ட்ராக்டே இல்லை. அவனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லி ஆசை காட்டுவது தவறு.

கேள்வி: கல்லூரியில் காசு கிடையாதே, ஸ்காலர்ஷிப் மட்டும்தானே?

பதில்: அது பழைய கதை. 2021 ஜூலை 1 முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரியே நேரடியாகத் தரலாம். 2025-26-ல் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் வரை. பெரிய கல்லூரியில் நல்ல ஆட்டக்காரருக்கு டூ-வே சம்பளத்தைவிட இங்கேயே கூடுதலாகக் கிடைக்கிறது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தவர்கள் 2024-ல் 195 பேர், 2025-ல் 106. கல்லூரிக்குப் பதிலாக இளைஞர்களை எடுத்துச் சம்பளம் கொடுத்த ஜி லீக் இக்னைட் அணியையும் 2024-ல் மூடிவிட்டார்கள்.

கேள்வி: கோபி பிரையன்ட்டும் லெப்ரான் ஜேம்ஸும் பள்ளியிலிருந்தே போனார்களே, இப்போது ஏன் முடியாது?

பதில்: டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் 19 வயது ஆக வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். 2005-ல் என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம், 2006 டிராஃப்ட் முதல் நடைமுறை. அதற்கும் முன்பு நான்காண்டு காத்திருக்கச் சொன்ன விதியை 1971-ல் ஸ்பென்சர் ஹேவுட் நீதிமன்றத்தில் உடைத்தார். இன்று முன்கூட்டிக் கிளம்பும் எல்லோருக்கும் கதவு திறந்தவர் அவர்தான்.

கேள்வி: டிகிரி?

பதில்: முழு டிகிரிக்குச் சுமார் 120 கிரெடிட் (பாட அலகு). ஒரு வருடத்தில் கிளம்புபவர் கையில் 30 இருக்கும், பலருக்கு அதற்கும் குறைவு. சீசன் முடிந்ததும் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். பாதியில் விட்ட பாடம் தோல்வி என்று பதிவாகும், பத்தாண்டு கழித்துத் திரும்பும்போது வழியில் நிற்கும். முழு ஸ்காலர்ஷிப்பில் ஆடியவருக்கு, கிளம்பி 10 ஆண்டு வரை படிப்பை முடிக்க என்சிஏஏவின் மேல்தட்டான முதல் பிரிவுக் கல்லூரிகள் பணம் தர வேண்டும் என்பது 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறை. ஷகீல் ஓ’நீல் 1992-ல் கிளம்பி 2000-ல் முடித்தார். ஸ்டெஃபன் கரி 2009-ல் கிளம்பி 2022-ல்.

கேள்வி: என் மகன் மாணவர் விசாவில் ஆடுகிறான். இதே கணக்கு அவனுக்கும் பொருந்துமா?

பதில்: முழுக்கப் பொருந்தாது. எஃப்-1 விசாவில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. சக ஆட்டக்காரன் விளம்பரப் படப்பிடிப்புக்குப் போகலாம், இவன் போனால் விசாவுக்கே ஆபத்து. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும்போது செய்யும் விளம்பர வேலைதான் சிலர் கண்ட வழி. மேலே சொன்ன ஈடி கனடாக்காரர், அவருக்கும் இதே தலைவலி இருந்தது. கல்லூரிப் பணம் இல்லாததால் தங்குவதன் லாபம் இவனுக்குக் குறைவு. எதிலும் கையெழுத்துப் போடும் முன் விளையாட்டு வக்கீலை அல்ல, குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: பெண்களுக்கும் இதே யோசனைதானா?

பதில்: தலைகீழ். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள், பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவுக்குப் போக, டிராஃப்ட் ஆண்டில் 22 வயது ஆக வேண்டும், இல்லை டிகிரி முடித்திருக்க வேண்டும் என்ற விதியில்தான் இதுவரை போனார்கள். 2024-ல் முதல் இடத்தில் போன கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535. அந்தச் சம்பளத்துக்காகக் கல்லூரியை விட்டு ஓட வேண்டிய அவசியம் அப்போது இருக்கவில்லை. பெய்ஜ் பெக்கர்ஸ் 2024-லேயே போகத் தகுதி இருந்தும் யூகானில் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) தங்கினார். 2025-ல் கோப்பையை வென்று, முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் பையனுக்கு இப்போதே கார் எடுத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. பேச்சுவார்த்தைக்காகப் போகும் பயணம், சாப்பாடு, தங்குமிடம் வரைதான் விதி இடம் தருகிறது. ‘கடன்’ என்று எழுதிக்கொடுத்தாலும் கார் காருதான். அதை வாங்கிய நாளிலிருந்து மே 28 கெடு அவனுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஏற்கெனவே கைமாறிவிட்டது என்றால் இன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லூரியின் விதி இணக்க அலுவலரிடம் நீங்களாகப் போய் எழுத்தில் சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தால் தண்டனை கூடும்.