வாங்குமுன் கேளுங்கள்: கையடக்கக் கேமரா

கேள்வி: மகளுக்குத் தை மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். நானே படம் எடுக்க ஆசை. பட்ஜெட் முப்பதாயிரம். பாக்கெட்டில் அடங்க வேண்டும், எல்லாவற்றையும் நாமே அமைக்கிற மேனுவல் மோடும் வேண்டும். செகண்ட் ஹேண்டில் சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்க? (கும்பகோணம் வாசகர்)

பதில்: உங்கள் வேலைக்குக் கேனான். சோனி 2012-இல் வந்தது, கேனான் 2014-இல். வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சார் இரண்டிலும் ஒரே அளவு, 13.2 x 8.8 மி.மீ. சாதாரண பாக்கெட் கேமராவில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. வித்தியாசம் லென்ஸில். சோனி லென்ஸின் விளிம்பில் 1.8-4.9 என்று இருக்கும், கேனானில் 1.8-2.8. முதல் எண் ஜூம் செய்யாதபோது உள்ள திறப்பு, அடுத்தது முழு ஜூமில். எண் சின்னதானால் திறப்பு பெரிது. கடைக்காரர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் சபாவில் உட்கார்ந்த இடத்திலிருந்து முழு ஜூமில்தான் எடுக்கப்போகிறீர்கள். அங்கே கேனானுக்குள் போகும் வெளிச்சம் சோனியைப்போல மூன்று மடங்கு.

மேனுவல் கேட்டது நல்ல முடிவு. மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை இருக்கும். ஆட்டோவில் விட்டால், எங்கும் இருட்டு என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும். பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகும். ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/250 வினாடி, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 2.8, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 1600-இல் ஆரம்பித்து, ஒத்திகை அன்றே மேடை விளக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஃபிளாஷ் அணைந்திருக்கட்டும். ஜி7 எக்ஸின் முதல் மாடல், சுருக்காத பெரிய ரா ஃபைலில் தொடர்ந்து எடுக்கத் திணறும். தீர்மானம், அதாவது வேகமான அடவுக் கோவை, வரும்போது சுருக்கிய ஜேபெக் ஃபைலுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், 4கே வீடியோ, எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய். வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கேள்விப்படாத பிராண்டில் அப்படி ஒன்றைப் போன வாரம் வாங்கிவிட்டேன். ஜூம் செய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ரிப்பேரா? (விருதுநகர் வாசகர்)

பதில்: ரிப்பேர் இல்லை, அதன் பிறவிக் குணம். கேமராவைத் திருப்பி லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆர்எக்ஸ்100-இல் 10.4-37.1 என்று இருக்கும். பெரியதைச் சின்னதால் வகுத்தால் 3.6, அதுதான் உண்மையான ஜூம். ஜி7 எக்ஸில் 8.8-36.8, வகுத்தால் 4.2. உங்களுடையதில் ஒரே எண்தான் இருக்கும். அதாவது லென்ஸ் அசையவே அசையாது. படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுவதற்குப் பெயர் டிஜிட்டல் ஜூம். அதை வீட்டில் கம்ப்யூட்டரிலும் செய்யலாம், காசு கிடையாது. பெட்டியில் ‘16’ கட்டை விரல் உயரம் இருக்கும், ‘டிஜிட்டல்’ என்ற சொல்லுக்கு பூதக்கண்ணாடி வேண்டும். இதைப் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பரணில் 700 மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்ட ஹேண்டிகேம் வீடியோ கேமரா ஒன்று தூங்குகிறது, அந்த எரிச்சலும் சேர்த்துத்தான்.

மெகாபிக்சல் கதையும் இதேதான். கேனான் 2008-இல் ஜி10-ஐ 14.7 மெகாபிக்சலோடு விட்டது. அடுத்த வருஷம் ஜி11-இல் அதையே பத்தாகக் குறைத்தது. சின்ன சென்சாரில் புள்ளிகளை நெருக்கி அடைத்தால் மங்கல் வெளிச்சத்தில் படம் மணல் மணலாக வரும் என்பதுதான் காரணம்.

விளம்பரத்தில் வெறும் ‘ஜூம்’ என்று போட்டிருந்தால் உடனே ரிட்டர்ன் போடுங்கள். விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், ஒரு கடையில் பழைய சோனி காம்பேக்ட் (கையடக்கக் கேமரா) வாங்கினேன். மெனு முழுக்க ஜப்பான் மொழி. வாட்ஸ்அப்பில் கேட்டபோது ‘செட்டிங்ல மாத்திக்கலாம்மா’ என்றவர்கள் இப்போது பில்லின் அடியைக் காட்டுகிறார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ (சேலம் வாசகி)

பதில்: உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மா. வாங்குமுன் கேட்டிருக்கிறீர்கள், பொய் சொன்னது அவர்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்று வந்த சோனி மாடல்கள் பெரும்பாலானவற்றில் வேறு மொழியே கிடையாது. இது கேமரா விற்கிறவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

அந்த அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் எந்த வகையில் வாக்குக் கொடுத்திருந்தாலும் பொருள் அதற்குக் குறைவாக இருந்தால் அது குறைபாடுதான். வாட்ஸ்அப்பும் வாக்குத்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். அந்த உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு வருஷமாக ஜி7 எக்ஸ் வைத்திருக்கிறேன். போனில் எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. மேனுவல் எல்லாம் புரியவில்லை, ஆட்டோதான். லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டி.எஸ்.எல்.ஆர் கேமராவுக்கு மாறலாமா? (கோவை வாசகர்)

பதில்: அதிலும் ஆட்டோ இருக்கிறது.

கேள்வி: பழைய காம்பேக்ட் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நாலைந்து தடவை ஆன் செய்து அணையுங்கள். லென்ஸ் வெளியே வரும்போது கறகறத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அபெர்ச்சரை 11-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, நீங்களே துடைக்க வழியில்லை. கடலோர ஊர்களில் பூஞ்சை வேறு. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல் தெரியும். நேரில் பார்க்க விடாமல் அட்வான்ஸ் அனுப்பச் சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

கேள்வி: பில் போடாவிட்டால் நாலாயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். (சென்னை வாசகர்)

பதில்: அந்த நாலாயிரத்துக்கு உங்கள் வாரன்ட்டியையும் வழக்குப்போடும் வழியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். மேலே சேலத்துப் பெண்ணுக்கு எழுதியதைப் படியுங்கள். அவர் கையில் பில் இருக்கிறது.

கேள்வி: மெரினாவில் மணலில் விழுந்தது. ‘லென்ஸ் எரர்’ காட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் வாரன்ட்டி கிடையாது என்கிறார்கள். வழக்குப் போடலாமா? (ஆவடி வாசகர்)

பதில்: யார்மேல், கடல்மேலா? லென்ஸைக் கையால் இழுக்காமல், காசு கொடுத்துச் சரிசெய்யுங்கள். கொட்டேஷன் வாங்காமல் பிரிக்க விடாதீர்கள்.