வாக்கிங் போயிட்டு வந்தா சுகர் ஏறுதே?

கேள்வி: எனக்கு 54 வயசு, சுகருக்கு மாத்திரை போட்டுக்கறேன். ஆர்.கே.புரத்துல வீடு. தினமும் காலைல அஞ்சரைக்கு வெறும் வயித்துல வேகமா நடப்பேன், நடுவுல கொஞ்சம் ஓடவும் செய்வேன், ஆனா வந்து விரல்ல குத்திப் பாத்தா, போறப்ப 128 இருந்தது 151ன்னு காட்டுது. மெஷின் கோளாறா? பேசாம வாக்கிங்கையே விட்டுடலாமா டாக்டர்? (வாசகி, டெல்லி)

பதில்: விட்டுடாதீங்கம்மா! மெஷின் சரியா தான் காட்டுது. விடியற நேரத்துல உடம்பு எழுந்திருக்கத் தயாராகறப்ப கார்ட்டிசோல் மாதிரி ஹார்மோன் எல்லாம் ஏறும், லிவர் சேத்து வச்சிருக்கற சர்க்கரைய ரத்தத்துல விடும், சுகர் இருக்கறவங்களுக்கு இன்சுலினால அதை முழுசா சமாளிக்க முடியாது, அதுக்கு மேல நீங்க வெறும் வயித்துல ஓடவும் செஞ்சா அட்ரினலின் ஏறி லிவர் இன்னும் கொஞ்சம் விடுது. பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல இறங்கிடும்.

ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்காரங்க 2019ல இதையே பாத்தாங்க. டைப் 2 சுகர் இருக்கற 11 ஆம்பளைங்களை ரெண்டு வாரம் காலைல, ரெண்டு வாரம் மத்தியானத்துக்கு மேல கடுமையா எக்ஸர்சைஸ் பண்ண வச்சாங்க, மத்தியானம் பண்ணப்ப சுகர் குறைஞ்சுது, காலைல பண்ணப்ப ஏறுச்சு. சின்ன ஆராய்ச்சி தான், பொம்பளைங்க யாரும் அதுல இல்ல, சாதாரண நடைக்கும் இது பொருந்தும்னு சொல்லிட முடியாது, ஆனா உங்க மெஷின் சொல்றதோட ஒத்துப் போகுது.

அதனால காலைல ஓட்டத்தை விட்டுட்டு மிதமா நடங்க. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு 15 நிமிஷம் நடந்தா இன்னும் நல்லது, வேலை செய்யற தசை சாப்பாட்டுல வர்ற சர்க்கரைய உடனே இழுத்துக்கும். உங்க மாத்திரைல கிளிமிப்ரைடு இருக்கான்னு பாருங்க, இருந்தா சுகர் திடீர்னு இறங்கலாம், பையில ரெண்டு மிட்டாய் வச்சுக்கோங்க, நேரத்தை மாத்தறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இன்னொண்ணு, டெல்லில இருக்கீங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அஞ்சரை மணி காத்து ரொம்ப மோசம், குளிர்ல புகையெல்லாம் மேல போக வழியில்லாம தரையோட அமுங்கி நிக்கும், வெயில் ஏறினா தான் கொஞ்சம் கலையும். அந்த மூணு மாசம் லஞ்ச் டைம்ல நடங்க, ஏக்யூஐ (காத்து எவ்வளவு மாசுன்னு காட்டற எண்) எகிறின நாள்ல வீட்டுக்குள்ளயே நடங்க. மே, ஜூன்ல லூன்னு சொல்ற அனல் காத்து அடிக்கறப்ப காலை நேரம் தான் சரி.

கேள்வி: ராத்திரி ஒன்பதுக்குத் தான் ஜிம்முக்குப் போக முடியுது. தூக்கம் கெடுமா? (வாசகர், நொய்டா)

பதில்: நிறைய பேருக்குக் கெடாது. தூங்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கடுமையானதை முடிச்சுடுங்க. தசை பலம் சாயங்காலம் தான் உச்சத்துல இருக்கும், ஆனா தினம் ஒரே நேரத்துல பண்ணினா உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிக்கும். அப்புறமும் படுத்து ரொம்ப நேரம் தூக்கம் வரலேன்னா வெயிட்டைக் காலைக்கு மாத்துங்க, வார்ம்அப்பை மட்டும் கூட்டிக்கோங்க, அந்நேரம் உடம்புச் சூடு கம்மியா இருக்கறதால தசை விறைப்பா இருக்கும்.