தமிழ் மெயில் உடையாமல் போய்ச் சேர: கேள்வி பதில்

வடசென்னை அலுவலகங்களுக்கு பில்லிங், துறைமுக கிளியரன்ஸ் மென்பொருள் எழுதுபவர்கள் கேட்டவை. பதில்கள் பைத்தானின் ஈமெயில் லைப்ரரியை வைத்து.

மண்ணடி: அண்ணா, இங்கிலீஷ் மெயில் போகுது. தமிழ்ல எழுதினா 'ஆஸ்கி கோடெக்'னு எரர் வருது.

மெயில் அனுப்பும் சென்ட்மெயில் ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங்கை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள் தம்பி. அது ஸ்ட்ரிங்கை ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டுமே உள்ள ஆஸ்கியாக மாற்றப் பார்க்கும், முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடும். ஈமெயில்மெசேஜ் ஆப்ஜெக்ட் உருவாக்கி, செட்_கன்டென்ட்டில் உரையைப் போட்டு, சென்ட்_மெசேஜில் அனுப்புங்கள்.

ராயபுரம்: கோட்டட்-பிரின்டபிளா, பேஸ்64-ஆ சார்?

இரண்டுமே பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி அனுப்பும் முறைகள். தமிழுக்கு பேஸ்64தான். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்து, புள்ளி, உயிர்க்குறி தனித்தனியாக) 3 பைட். கோட்டட்-பிரின்டபிளில் ஒரு பைட் 3 எழுத்தாகிறது. பேஸ்64இல் 3 பைட்டுக்கு 4 எழுத்து. 'வணக்கம்' என்பது புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, 21 பைட். முதல் வழியில் 63 எழுத்து, இரண்டாவதில் 28. எதுவும் சொல்லாமல் விட்டால், வரிகள் சின்னதாக இருக்கும்போது லைப்ரரி 8பிட் என்றே வைத்துவிடும், அதாவது பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும். வழியில் 8பிட் தாங்காத பழைய சர்வர் இருந்தால் சிக்கல். அதனால் செட்_கன்டென்ட்டில் மாற்றும் முறையைச் சொல்லும் சிடிஇ-க்கு 'பேஸ்64' என்று நீங்களே கொடுங்கள். பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும் மெயிலுக்கு கோட்டட்-பிரின்டபிள் நல்லது, மூலத்தைத் திறந்தாலே படிக்க முடியும்.

திருவொற்றியூர்: லிங்க்ல 'ஐடி=2045'னு அனுப்பினா, அந்தப் பக்கம் 'ஐடி 45'னு வருது.

ஹெடரில் (மெயிலின் தலைப்பு வரிகளில்) கோட்டட்-பிரின்டபிள் என்று எழுதிவிட்டு, உரையை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த முறையில் '=20' என்றால் ஸ்பேஸ். சமக்குறி '=3டி' ஆகத்தான் போகவேண்டும். ஹெடரைக் கையால் எழுதாதீர்கள், லைப்ரரியிடம் விடுங்கள்.

வியாசர்பாடி: சப்ஜெக்ட் நீளமா இருந்தா நடுவுல கட்டம் கட்டமா வருதுண்ணா.

சப்ஜெக்டை நீங்களே பேஸ்64 ஆக்கி, எண்ணிக்கை பார்த்து வெட்டுகிறீர்கள். இப்படி பேஸ்64 ஆக்கிய துண்டு ஒன்று 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. முன்னொட்டு 10, பின்னொட்டு 2 போக மிச்சம் 63. பேஸ்64 நான்கு நான்காக வருவதால் 60. அதாவது 45 பைட், 15 தமிழ்க் குறியீடு. 'கொ' இரண்டு குறியீடு என்பதை மறக்காதீர்கள். குறியீட்டின் 3 பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்தால் இரண்டு பாதியும் வீண். ஆப்ஜெக்டின் 'சப்ஜெக்ட்' ஹெடருக்குத் தமிழ் ஸ்ட்ரிங்கை நேராகக் கொடுத்துவிட்டால் வெட்டும் வேலையை அதுவே சரியாகச் செய்யும்.

தண்டையார்பேட்டை: அனுப்பின பிடிஎஃப் திறக்கவே இல்ல.

அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'ஜேவிபிஇஆர்' என்று தொடங்கினால் இரண்டு முறை பேஸ்64 ஆகியிருக்கிறது: நீங்கள் ஒருமுறை, லைப்ரரி ஒருமுறை. கோப்பை பைட்டுகளாகப் படிக்கும் 'ஆர்பி' முறையில் திறந்து, பைட்டுகளை அப்படியே ஆட்_அட்டாச்மென்ட்டுக்குக் கொடுங்கள்.

பெரம்பூர்: 20 எம்பி ஃபைல் திரும்பி வருது. லிமிட் 25 எம்பிதானே?

வரம்பு பார்ப்பது மாற்றிய பிறகுள்ள அளவை. 57 பைட் ஒரு வரியில் 76 எழுத்தாகும், வரி முடிவுக்கு இன்னும் 2, மொத்தம் 78. ஆக 20 எம்பி 27 எம்பியைத் தாண்டிவிடும். கோப்பை 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.