ஊட்டியில் நடந்து வரைய…

கேள்வி: தோழிகள் நால்வர் ஊட்டி விடுதியில் தங்கி, பழைய கட்டடங்களை வாட்டர்கலரில் வரைய இருக்கிறோம். எங்கே தொடங்கலாம்? போன தடவை வண்ணம் காயவே இல்லை, தாளும் நெளிந்துவிட்டது.

பதில்: சேரிங்கிராஸ் சந்திப்பு வேண்டாம், ஹார்ன் சத்தத்தில் கை ஓடாது. நேரே புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போங்கள். 1830-இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே உள்ள பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். வழிபாட்டு நேரத்தில் நோட்டை மூடிவிடுங்கள். அங்கிருந்து சற்று நடந்தால் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்த நீலகிரி நூலகம். மறுநாளுக்கு, ஆங்கிலேயர் காலக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா. இப்போது அரசு கலைக் கல்லூரி, எனவே வாசலில் அனுமதி கேளுங்கள்.

வண்ணம் காயாததற்குக் காரணம் மூடுபனி. காற்றே ஈரமாக இருக்கும்போது தாளிலுள்ள நீர் எங்கே போகும்? முதல் பூச்சு காயுமுன் அடுத்ததைப் பூசினால் நிறம் சேறாகும், ஓரங்களில் காலிஃபிளவர் போலத் திட்டு விழும். தூரிகையைப் பருத்தித் துணியில் ஒற்றிவிட்டே பூசுங்கள். இரண்டு தாள்களை மாற்றி மாற்றி வரைந்தால் காத்திருக்க வேண்டாம். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டியாக இருக்கட்டும், நெளியாது. நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபின் உரியுங்கள். விடுதி அறையில் ஹீட்டர் பக்கம் சாய்த்து வைக்காதீர்கள்: ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளையும்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சொந்த வண்டி என்றால் மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுத்துவிடுங்கள்.